வீட்டுத் தோட்டத்தில் விதையிலிருந்து முட்டைக்கோஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்தரி, வெண்டை, தக்காளி என்று கை பழகியவர்கள் அடுத்து ஆசைப்படுவது பெரும்பாலும் கோஸ் மேல்தான். விதை முளைக்கிறது, செடி தளதளவென்று வளர்கிறது, ஆனால் உருண்டை மட்டும் பிடிப்பதில்லை. வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைச் சுற்றியே இருக்கும். சமவெளியில், மாடியிலோ கொல்லையிலோ வளர்ப்பவர்களை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். மலையில் இருப்பவர்களுக்கும் இரண்டு கேள்விகள் உண்டு.

கோஸ் மலைப் பயிர்தானே, சமவெளியில் வருமா?

வரும், குளிர் மாதங்களில் மட்டும். கோஸின் நடு இலைகள் விரியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக மூடிக்கொள்வதற்கு 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரைதான் மிகவும் பிடித்தமான வெப்பம். பகல் 30 டிகிரிக்கு மேல் ஏற ஏற இலை விட்டுக்கொண்டே இருக்கும், மூடாது. நம் ஊர்களில் மார்கழி, தை இரண்டு மாதமும்தான் இதற்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகின்றன. சென்னையில் அப்போது இரவு வெப்பம் 20, 21 டிகிரி வரை இறங்கும். கோவையில் இன்னும் கொஞ்சம் குறையும். சூடு தாங்கும் கலப்பின விதை இருந்தால் இந்த அளவே போதும்.

நீலகிரியில் இதை இன்றைக்கும் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்ற கணக்கில்தான் சேர்ப்பார்கள். 1820களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் ஐரோப்பியக் காய்கறிகள் அந்த மலைக்கு ஏறின. இப்போது நாம் மலர்க் கண்காட்சிக்குப் போகும் ஊட்டி தாவரவியல் பூங்காவே, 1840களில் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் மாதச் சந்தா கட்டி நடத்திய காய்கறித் தோட்டத்திலிருந்து வளர்ந்ததுதான். சமவெளிக்கு கோஸ் இறங்கி வர முடிந்தது, சூடு தாங்கும் ரகங்கள் வந்த பிறகு.

சரி, எப்போது விதைப்பது?

மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இது முக்கியம். உரத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கோஸ் மன்னிக்கும், பட்டம் தவறினால் மன்னிக்காது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விதைத்து நாற்று தயாராக நான்கு வாரம். நட்டபின் இலை பெருக்க ஆறு வாரம். அதற்கு அப்புறம்தான் உருண்டை பிடிக்கத் தொடங்கும். அந்தத் தொடக்கம் மார்கழியிலோ தையிலோ விழ வேண்டும் என்றால், விதை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிக்குள் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற வழக்கத்தில் இதையும் சேர்த்து ஆடியில் தூவிவிட்டால், உருண்டை பிடிக்கும் நேரம் புரட்டாசி வெயிலில் போய் மாட்டும். பொங்கலுக்கு விதைத்தால் இன்னும் மோசம், பங்குனி வந்துவிடும்.

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் செப்டம்பர் தொடக்கத்திலேயே விதைக்கலாம். ஓசூர் உயரமான ஊர் என்பதால் பட்டம் இன்னும் அகலம். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோரத்தில் சிக்கல் வேறு: விதைக்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். நாற்றைக் கூரைக்குக் கீழே வளர்த்து, மழை விட்ட இடைவெளி பார்த்து நவம்பரில் நடுங்கள். யாழ்ப்பாணத்தில் கோவா (கோஸுக்கு அங்கே அதுதான் பெயர்) வளர்ப்பவர்களுக்கும் இதே மாரிக்காலக் கணக்குதான்.

மலையில் ஜனவரி–பிப்ரவரி, ஜூலை–ஆகஸ்ட், செப்டம்பர்–அக்டோபர் என்று மூன்று பட்டம் உண்டு. அங்கே இந்தத் தலைவலி கிடையாது.

எந்த விதை வாங்கலாம்?

சமவெளிக்கு, பாக்கெட்டில் ‘வெப்பம் தாங்கும்’, ‘குறுகிய காலம்’ என்று போட்டிருக்கும் கலப்பின விதை. இதில் நாட்டு விதைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கோஸுக்கு நம் சமவெளியில் நாட்டு ரகம் என்று ஒன்றும் இல்லை. கலப்பினம் அல்லாத ரகங்களில் கோல்டன் ஏக்கர் சின்ன உருண்டையாக, சீக்கிரம் வரும். கோவை, ஓசூர் போன்ற ஊர்களில் முயன்று பார்க்கலாம். தட்டையான பெரிய ‘டிரம் ஹெட்’ வகையெல்லாம் மலைக்கு விட்டுவிடுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் சோதனை செய்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும், படத்தைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். விதை சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் பூஞ்சாணக் கொல்லி தடவியது என்று பொருள். கையைக் கழுவுங்கள், மிச்சத்தைக் கோழிக்குப் போடாதீர்கள்.

பத்து கிராம் பாக்கெட் வாங்கிவிட்டேன், இத்தனை விதையா?

கடுகு குடும்பம் அல்லவா, விதையும் கடுகு போலத்தான் இருக்கும். ஒரு கிராமில் ஏறக்குறைய 250 முதல் 300 விதை. வீட்டுக்கு ஒரு கிராமே அதிகம். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பாக்கெட் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு, மூன்று வருடம் முளைப்பு நன்றாக இருக்கும். சமையலறை அலமாரியில் வைத்தால் ஈரக்காற்றில் அடுத்த பட்டத்துக்கே சுணங்கிவிடும்.

நாற்று விடுவது எப்படி?

குழித்தட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் பேப்பர் கப்பில் அடியில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். கழுவிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சம பங்கு கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு மூடுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு விதை போட்டு, பிறகு ஒன்றைக் கிள்ளிவிடலாம். பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். நாலைந்து நாளில் இதய வடிவத்தில் இரண்டு இலை தெரியும்.

முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். “மழை பெய்கிறதே” என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு நாள் கூடுதலாக வைத்தால் நூல்போல நீண்டு சாயும், அப்படி நீண்ட நாற்று பிறகு தேறுவது கஷ்டம். காலை வெயில் படுகிற, மழை நேரடியாக விழாத சன்ஷேடு ஓரம் ரொம்பப் பொருத்தமான இடம்.

நாற்று திடீரென்று அடியில் கறுத்துச் சாய்கிறதே?

நாற்றழுகல். ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு. சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. பிடுங்கி எறிந்துவிட்டு மற்றவற்றுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். அடுத்த முறை நிரப்பும் கலவையிலேயே கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணத்தைச் சேர்த்துவிடுங்கள். தோட்ட மண்ணை அப்படியே அள்ளி நாற்றுக்குப் போடுபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

எப்போது, எவ்வளவு இடைவெளியில் நடுவது?

முதல் இரட்டை இலையைக் கணக்கில் சேர்க்காமல் நான்கைந்து இலை வந்ததும் நடலாம். அதற்கு முன் நாலைந்து நாள் தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டி நாற்றைக் கொஞ்சம் முரடாக்குங்கள். நடுவது சாயங்காலம். முதல் இலைக் காம்பு வரை தண்டு மண்ணுக்குள் போகலாம், குருத்தில் மட்டும் மண் விழக்கூடாது.

தரையில் என்றால் சமவெளிக்கு 45க்கு 30 சென்டிமீட்டர், மலைக்கு 40க்கு 40. இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் இடைவெளி, வீட்டுக்கும் அதுவே சரி. மழைக்காலம் என்பதால் மேட்டுப்பாத்தி போட்டே தீர வேண்டும். பையில் என்றால் ஒரு பைக்கு ஒரே செடி, பை குறைந்தது 12 அங்குல அகலமும் அதே உயரமும். செடி சின்னதாக இருக்கும்போது பை வெறுமையாகத் தெரியும், இரண்டாவதை வைக்கக் கை பரபரக்கும். வைக்காதீர்கள். வெளி இலை விரிந்தால் இரண்டடி அகலத்துக்கு வரும். அந்த இலைகள்தான் உருண்டைக்குச் சாப்பாடு செய்து கொடுக்கின்றன.

மாடியில் தளத்தின் சூடு பைக்குள் ஏறும். செங்கல் வைத்தோ ஸ்டாண்டு போட்டோ தூக்கி வையுங்கள். ஐந்தாறு மணி நேர வெயில் போதும், அதுவும் காலை வெயிலாக இருந்தால் உத்தமம்.

என்ன உரம் போட?

கோஸ் பெருந்தீனிக்காரப் பயிர். பைக்கு மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ, இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, மீதி செம்மண், இதுவே அடிப்படை. நட்ட இரண்டாவது வாரத்திலிருந்து கடலைப் பிண்ணாக்குக் கரைசல்: 100 கிராம் பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வாரம் ஒரு முறை வேரில் ஊற்றலாம். பஞ்சகவ்யாவோ மீன் அமிலமோ கையில் இருப்பவர்கள் அதை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம்.

நடு இலைகள் உள்பக்கம் மடங்க ஆரம்பித்ததும் தழைச்சத்தை (நைட்ரஜனை) குறைத்துவிடுங்கள். அதற்கு மேலும் கொடுத்துக்கொண்டே இருந்தால் உருண்டை தளர்வாக இருக்கும், வெடிக்கவும் செய்யும். விறகுச் சாம்பல் இருந்தால் அப்போது ஒரு பிடி தூவலாம்.

தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பாக, பொந்தாக இருக்கிறதா? போரான் குறைவாக இருக்கலாம். தொழுவுரம் தாராளமாகப் போட்ட மண்ணில் இது அபூர்வம்.

தண்ணீர்?

ஒரே சீராக. காய்ச்சலும் பாய்ச்சலும் இதற்கு ஆகாது. வேரைச் சுற்றிக் காய்ந்த சருகு போட்டு மூடினால் பாதி வேலை முடிந்தது.

இலையெல்லாம் சல்லடை ஆகிவிட்டது, என்ன புழு?

பெரும்பாலும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. கோஸ் வளர்க்கும் எவரும் இதைத் தப்ப முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பூச்சி விரல் நகத்தில் பாதிகூட இருக்காது. இறகை மூடி உட்காரும்போது முதுகில் வெளிர் நிறத்தில் வைரக்கல் வடிவம் தெரியும். புழு இளம்பச்சை. தொட்டால் துடித்துப் பின்வாங்கி, ஒரு நூலில் தொங்கிக் கீழே இறங்கும், அடையாளம் கண்டுபிடிக்க இது ஒன்றே போதும். ஆரம்பத்தில் இலையின் அடிப்பக்கம் மட்டும் சுரண்டித் தின்பதால், கண்ணாடி ஒட்டிய சன்னல்போல மெல்லிய தோல் மிஞ்சி நிற்கும். பிறகு அதுவும் ஓட்டையாகும். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து பூச்சியாக இரண்டு மூன்று வாரம்தான் பிடிக்கிறது. அதனால் ஒரு முறை அசந்தால் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

கடையில் கேட்டு வாங்கிய மருந்து கேட்கவில்லை என்று பலர் சொல்வதில் ஆச்சரியமில்லை. எதைத் தெளித்தாலும் பழகிக்கொள்ளும் பூச்சி இது. பி.டி. என்கிற பாக்டீரியா மருந்துக்கு வயல்வெளியில் எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட முதல் பூச்சி என்ற பெயரும் இதற்குத்தான். ஆகவே ஒன்றையே நம்பாமல் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

முதலில் கடுகு. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே கடுகை, நாற்று நடுவதற்குப் பத்து, பதினைந்து நாள் முன்பே பக்கத்தில் இரண்டு தொட்டியில் தூவிவிடுங்கள். பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகு பிடிக்கும், அங்கே போய் முட்டையிடும். வயலில் இருபது வரிசை கோஸுக்கு ஒரு வரிசை கடுகு போடுவார்கள். வீட்டில் இரண்டு தொட்டி போதும். ஆனால் கடுகை விதைத்துவிட்டு மறந்துபோனால் பூச்சிப் பண்ணை ஆகிவிடும். அதில் புழு ஏறியதும் மருந்து அதன்மேல் தெளியுங்கள், அல்லது செடியோடு பிடுங்கி அழியுங்கள்.

அடுத்து, கை. பத்துச் செடி வைத்திருப்பவருக்குக் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்து நசுக்குவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. விவசாயிக்கு இல்லாத வசதி இது.

அதற்கும் அடங்காவிட்டால் ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி ஒரு லிட்டர் ஆக்கி, துளி காதி சோப்பு சேர்த்து இலையின் அடிப்பக்கம் நனையும்படி சாயங்காலம் தெளியுங்கள். கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால் சோப்பு இல்லாமல் தெளித்தால் எல்லாம் உருண்டு கீழே போய்விடும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வேப்பஞ்சோப் கிடைத்தால் இன்னும் சுலபம். கடைசியாக பி.டி., லிட்டருக்கு இரண்டு கிராம். உருண்டை மூடிய பிறகு உள்ளே போன புழுவை எதனாலும் எடுக்க முடியாது, அதனால் கவனமெல்லாம் முதல் ஆறு வாரத்தில் இருக்கட்டும்.

கொசுவலைத் துணியால் நட்ட நாள் முதலே கூடாரம்போல மூடுவதும் உண்டு. கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை செய்கிறது.

சாம்பல் நிறத்தில் அசுவினி அப்பியிருக்கிறது?

வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி. போகாவிட்டால் அதே வேப்பங்கொட்டைக் கரைசல். புள்ளிவண்டு தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள், அது அசுவினி தின்ன வந்தது.

செடி நன்றாக இருக்கிறது, உருண்டை மட்டும் பிடிக்கவில்லை. ஏன்?

எந்த மாதம் விதைத்தீர்கள் என்று பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு விடை அங்கேயே கிடைக்கும். மற்றவர்களுக்கு நிழல், சின்னப் பை, இரண்டு மூன்று செடி நெருக்கம், அளவுக்கு மீறிய தழைச்சத்து, நாற்றங்காலில் முற்றிப்போன நாற்று, இவற்றில் ஒன்று. மாசி பாதி தாண்டியும் மூடவில்லை என்றால் காத்திருப்பதில் பயனில்லை. இளம் இலைகளைப் பறித்துப் பொரியல் செய்யலாம், நன்றாகவே இருக்கும்.

ஒரே செடியில் நாலைந்து குட்டிக் கோஸ் வருகிறதே, நல்லதுதானே?

இல்லை. நடுக்குருத்தைக் குருத்துப் புழு தின்றுவிட்டது என்று அர்த்தம். நட்ட இரண்டு வாரத்துக்குள் நுழைந்து, குருத்தை வலைபின்னி மூடிக்கொண்டு தின்னும். நுனி போனதும் பக்க மொட்டுகள் கிளம்புகின்றன. பெரியதாக ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளினால் ஓரளவு தேறும். அடுத்த முறை, நட்ட முதல் வாரத்திலேயே குருத்தை விரித்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

இலை ஓரத்திலிருந்து முக்கோணமாக மஞ்சள் ஏறுகிறது, நரம்பு கறுக்கிறது?

கருப்பழுகல் என்னும் பாக்டீரியா நோய். விதை வழியாக வரும், மழைத் துளி தெறித்துப் பரவும். அந்த இலைகளை எடுத்து உரக்குழியில் போடாமல் வெளியே எறியுங்கள், இலைமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். மருந்து பூசாத விதையாக இருந்தால், விதைக்கும் முன் 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் துணியில் முடிந்து வைத்து எடுப்பது பழைய, நல்ல வழி. வெப்பமானி இல்லாமல் குத்துமதிப்பாகச் செய்தால் விதை வெந்துவிடும்.

மலையில் இருக்கிறேன். மதியம் செடி வாடுகிறது, பிடுங்கினால் வேர் வீங்கி இருக்கிறது.

வேர்வீக்க நோய். நீலகிரியில் கிளப் ரூட் என்றே சொல்வார்கள், அந்த மலையின் கோஸ் விவசாயிகளுக்குப் பழைய எதிரி. புளிப்பு மண்ணும் ஈரமும் இதற்குக் கொண்டாட்டம், வித்துகள் பத்து வருடத்துக்கு மேல்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். மருந்தால் தீராது. சுண்ணாம்பு போட்டு மண்ணின் கார அமில நிலையை 7க்கு மேல் கொண்டுபோவது, அந்த இடத்தில் கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், கடுகு எதையும் பல வருடம் தொடாமல் கேரட், உருளை, பீன்ஸ் என்று மாற்றுவது, இவைதான் வழி. ஊட்டிக்குச் சுற்றுலா போய் மண்ணோடு நாற்று வாங்கி வரும் சமவெளி நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது அறுப்பது?

மேலே கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே அமுங்காமல் கெட்டியாக இருந்தால் அறுக்கலாம். நட்டதிலிருந்து 70 முதல் 90 நாள் ஆகும். கடையில் கிடைக்கும் அளவை எதிர்பார்க்காதீர்கள், மாடியில் முக்கால் கிலோ வந்தாலே நல்ல விளைச்சல்.

கெட்டியான பிறகு விட்டுவைத்தால் வெடிக்கும், காய்ந்த மண்ணில் திடீர் மழை பெய்தால் உடனே வெடிக்கும். ஊருக்குப் போகிறீர்கள், நாலு நாள் தள்ளிப்போட வேண்டும் என்றால், கோஸை இரண்டு கையாலும் பிடித்து அரைவட்டம் திருகிவிடுங்கள். சில வேர்கள் அறுந்து தண்ணீர் ஏறுவது குறையும்.

அறுத்த பிறகு அடிக்கட்டையைப் பிடுங்கிவிடலாமா?

வெயில் ஏறாமல் இருந்தால் விடலாம். நான்கு வெளி இலையோடு கட்டையை விட்டு, மேலே கத்தியால் சிலுவைபோலக் கீறினால் ஓரங்களில் சின்னச் சின்ன உருண்டைகள் வரும். மாசிக்கு மேல் என்றால் வேண்டாம், புழுதான் சாப்பிடும்.

நாமே விதை எடுக்க முடியுமா?

சமவெளியில் முடியாது. பெரும்பாலான ரகங்கள் பல வாரம் 10 டிகிரிக்குக் கீழான குளிரைப் பார்த்தால்தான் பூக்கும், அதுவும் இரண்டாவது வருடத்தில். நம் நாட்டில் இமாசலத்தின் குலு பள்ளத்தாக்கு, காஷ்மீர் போன்ற இடங்களில்தான் விதை உற்பத்தி. கலப்பினத்தில் விதை எடுத்தாலும் தாய்போல வராது.

கோஸ் சாப்பிட்டால் புழு மூளைக்குப் போகும் என்கிறார்களே?

வாட்ஸ்அப்பில் வருடாவருடம் சுற்றும் செய்தி. இலை தின்னும் புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது, அது மனித உடம்பில் வாழாது. மூளையைப் பாதிப்பது நாடாப்புழுவின் முட்டை. மனிதக் கழிவு கலந்த தண்ணீர் பாய்ந்த எந்தக் காய்கறியையும் கழுவாமல் பச்சையாகத் தின்றால் அந்த ஆபத்து உண்டு, கோஸ் மட்டும் குற்றவாளி அல்ல. நன்றாக வேகவைத்தால் முட்டை செத்துவிடும். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் வளர்ந்த கோஸைப் பற்றி இந்தப் பயமே வேண்டாம்.

தைராய்டு இருப்பவர்கள் பச்சையாக நிறையச் சாப்பிடாமல் வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம். சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

ஊதா கோஸ் வளர்க்கலாமா?

மலையில், ஓசூரில் வளர்க்கலாம். சமவெளியில் அதற்கு நாள் கூடுதல், குளிர் குறைவு. முதல் வருடமே அதில் இறங்க வேண்டாம்.

முதல் முறை எத்தனை செடி வைக்கலாம்?

நான்கு பேர் வீட்டுக்கு எட்டு. எட்டையும் ஒரே நாளில் விதைத்தால் எட்டும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வந்து நிற்கும். அக்டோபர் தொடக்கத்தில் நான்கு, இரண்டு வாரம் கழித்து நான்கு என்று போடுங்கள். கூடவே ஓரத்தில் நாலு நூல்கோலும் விதைத்துவிடுங்கள். அதே குடும்பம், அதே பட்டம், ஆனால் இலை மூட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. கோஸ் முன்னே பின்னே போனாலும் நூல்கோல் கைக்கு வரும்.